வார்டில் மட்டும் ஏன் வாய் அடைத்துப் போகிறது?

நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி:
வகுப்பில் முதலில் கை தூக்குவது நான்தான். ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோலை நிரப்பச் சொன்னார்கள், அந்த 10 கேள்விகளிலும் நல்ல மதிப்பெண்தான். ஆனால் வார்டுக்குள் போனால் குரல் எழும்புவதில்லை. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மறுநாள் இருந்த ஒரு நோயாளிக்கு, காலையில் நிமிஷத்துக்கு 18 ஆக இருந்த மூச்சு மதியம் 28. சீனியரிடம் போய், "சிஸ்டர், பெட் ஆறு ஒரு மாதிரி இருக்காங்க" என்றேன். "ஸ்டூடண்ட்டுக்கு எல்லாருமே ஒரு மாதிரிதான் தெரிவாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். பிறகு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பார்த்து ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார். எனக்குத் தன்னம்பிக்கை இல்லையா, வேறு ஏதாவதா?

ஐசியூ நர்ஸ்:
ரோசன்பெர்க் உங்களை நீங்கள் எப்படி மதிக்கிறீர்கள் என்றுதான் கேட்கும். சீனியர் முன்னால் பேசுவீர்களா என்று கேட்காது. அதற்கு 1973-இல் வந்த ரேதஸ் அளவுகோல் தனியாக இருக்கிறது. எனக்கென்னவோ, உங்களிடம் தன்னம்பிக்கை இருக்கிறது, வாக்கியம்தான் சரியில்லை. "ஒரு மாதிரி" என்றால் கேட்பவர் என்னதான் செய்வார்?

எஸ்பார் முறையில் சொல்லிப் பாருங்கள்: நிலவரம், பின்னணி, கணிப்பு, கோரிக்கை. (அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் இருந்து வந்த பழக்கம். அங்கேயும் ஜூனியர்தான் மேலதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும்!) "சிஸ்டர், பெட் 6-க்கு மூச்சு 28, முழு நிமிஷம் எண்ணினேன். நேத்து வயித்துல ஆபரேஷன், காலையில 18 இருந்துச்சு. மூச்சுத் திணறல் ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறேன். இப்பவே வந்து பார்க்கணும்." மாணவிகள் விட்டுவிடுவது கடைசி வாக்கியத்தைத்தான். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்2 அட்டவணையில் மூச்சு 25-ஐத் தொட்டாலே 3 புள்ளி. அந்த ஒரு 3 போதும், அவசரமாக வந்து பார்க்க வேண்டும்.

நர்சிங் ஆசிரியை:
வாக்கியம் சரி. ஆனால் மாணவியைப் பார்த்துச் சிரிக்கிற வார்டில் எந்த வாக்கியமும் தடுமாறும். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை காதில் விழவில்லையா, இன்னொரு தடவை சொல்லுங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் இன்சார்ஜிடமோ உங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடமோ போங்கள். இரண்டு தடவை சொல்வது விமானத் துறையிலிருந்து வந்த விதி, கோள் மூட்டுவது ஆகாது.

நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி:
சரி. ஆனால் "வந்து பார்க்கணும்" என்றால் திமிர் என்று நினைக்க மாட்டார்களா? என் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுவதே அவர்தான்.

ஐசியூ நர்ஸ்:
சிலர் நினைப்பார்கள். "கொஞ்சம் வர்றீங்களா சிஸ்டர்?" என்றே கேளுங்கள், குரலைத் தணித்தாலும் எண்ணை விடாதீர்கள். எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்பதைச் சார்ட்டில் எழுதிவிடுங்கள்.