மூலை பீடிங் வாய் பிளந்த கதைகள்

ஹட்டன் வாசி:
தங்கை வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் இரவு. சுவரடியில் ஓடும் மரச்சட்டமான பீடிங்கில் ஓர் உள்மூலை மட்டும் பாக்கி. 45 பாகையில் வெட்டிப் பொருத்தினால் முன்பக்கம் ஒரு கீற்று இடைவெளி தெரிந்தது. மூலையை அளந்தேன்: 92. பாதி 46 என்று, கோணம் வைத்து வெட்டும் ரம்பத்தைத் திருப்பி வெட்டினேன். கீற்று இரண்டு மடங்காகிவிட்டது! பலகையும் தீர்ந்துவிட்டது. மச்சான் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பூச்சாடி ஒன்றைத் தூக்கி வந்து அந்த மூலையில் வைத்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

பண்டாரவளை தச்சன்:
தம்பி, பாதி 46 என்பது சரிதான். ஆனால் ரம்பத்தின் அளவுகோலில் நேர்வெட்டுதான் பூச்சியம். 90இல் 46ஐக் கழித்து 44இல் வைத்திருக்க வேண்டும். செங்கோண மூலையில் இரு வழியிலும் 45 வருவதால் இந்தப் பிழை வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். நானும் பட்டவன்தான்.

நுவரெலியா அக்கா:
எங்கள் பழைய பங்களாவில் கதவைச் சுற்றிய பீடிங்கை மழைக்காலத்தில் அடித்தார்கள். மயிரிழை நுழையாது. பிறகு அதே அறையில் இரண்டு வாரம் கணப்பு எரித்தோம். ஒரு காலை பார்த்தால், மேல்மூலை இரண்டும் உட்பக்கம் திறந்து கிடந்தன. மரம் அகலத்தில் சுருங்குகிறது, நீளத்தில் அசைவது மிக மிகக் குறைவு என்றார் தச்சு பாஸ். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

தலவாக்கலை:
44ஆ 46ஆ என்ற சண்டையே வீண். தோட்டத்து லயன் வீடோ பங்களாவோ, நேரான மூலையை நான் இன்னும் பார்க்கவில்லை. உள்மூலையில் சாய்வெட்டுப் பொருத்தமே வேண்டாம். முதல் பலகையை நேராக வெட்டிச் சுவரோடு முட்டவிடுங்கள். இரண்டாவதை 45இல் சாய்த்து வெட்டினால் அதன் முகப்பின் வளைவு முன்விளிம்பில் கோடாகத் தெரியும். மெல்லிய அலகு ரம்பத்தால் அந்தக் கோட்டிலேயே, பின்பக்கம் சற்று உள்வாங்கும்படி அறுத்தால், முதல் பலகையின் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மரம் கொஞ்சம் சுருங்கினாலும் அவ்வளவாகத் தெரியாது. வெளிமூலைக்கு மட்டும் சாய்வெட்டு. அதற்குப் பசை கட்டாயம். நீளச் சுவரில் இரண்டு பலகையை இணைப்பதானால் நுனியோடு நுனி முட்டவிடாதீர்கள், சாய்த்து வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியவிடுங்கள். மரத்தை ஓரிரு வாரம் அதே அறையில் போட்டுவைத்த பிறகே வெட்டுங்கள். இடைவெளியில் பட்டி பூசி மறைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

பண்டாரவளை தச்சன்:
அவர் கேட்டது ரம்பத்தை, ஐயா. நீங்கள் வீட்டையே கட்டிவிட்டீர்கள்.

ஹட்டன் வாசி:
நான் எதையுமே கேட்கவில்லை! ஆனாலும் நேற்று 44இல் இரண்டு துண்டு வெட்டி எடுத்துப் போனேன். சாடியை நகர்த்தத் தங்கை விடவில்லை. பிகோனியா மொட்டு விட்டிருக்கிறதாம்.