பிணையக் கோப்பு முறைமைக்கான கேஷ் பின்தளம்: இடைமுகத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: வடிநிலம்

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக லினக்ஸ் கெர்னலுக்குள் இயங்கும் சிறிய பிணையக் கோப்பு முறைமை ஒன்றை எழுதி வருகிறேன். சர்வரிடம் ஒருமுறை வாங்கிய தரவை உள்ளூர் எஸ்எஸ்டியில் சேமித்து வைத்து, அடுத்த முறை கேட்கும்போது பிணையத்தைத் தொடாமலே கொடுக்க வேண்டும். கெர்னலில் உள்ள எஃப்எஸ்-கேஷை (பிணையக் கோப்பு முறைமைகளுக்கான பொதுக் கேஷ் வசதி) அப்படியே எடுத்தாளலாம் என்பது தெரியும். ஆனால் கோப்புகளில் சேமிக்கும் பின்தளம் (தரவை உண்மையில் சேமித்துத் தரும் பகுதி) ஒன்றையும், பிளாக் சாதனத்தில் (நடுவில் கோப்பு முறைமை இல்லாத வட்டில்) நேரடியாகச் சேமிக்கும் பின்தளம் ஒன்றையும் ஒரே இடைமுகத்தின் கீழ் மாற்றி மாற்றி ஓட்டி ஒப்பிடுவதே என் ஆய்வு என்பதால், அந்த இடைமுகத்தை நானே வரைய வேண்டியிருக்கிறது.

இப்போதைய வரைவில் பதினான்கு செயற்கூறுகள் உள்ளன. பழைய எஃப்எஸ்-கேஷைப் பார்த்து, பக்கம் பக்கமாக (நினைவகத்தின் அலகு, பொதுவாக 4 கேபி) படிப்பது, பக்கத்துக்கு இடம் ஒதுக்குவது, பக்கத்தை எழுதுவது என்று பிரித்திருக்கிறேன். சர்வரின் அடைவு மரத்தை அப்படியே கேஷிலும் மரமாக வைத்திருக்கிறேன். பாதி எழுதிய பிறகுதான் கெர்னலின் 5.17 பதிப்பில் அந்த வடிவத்தையே கைவிட்டு மாற்றி எழுதிவிட்டார்கள் என்று தெரிந்தது. மரம் தேவையா, பக்கம் சரியான அலகா, ஒரு தரவு கேஷில் இருக்கிறதா இல்லையா என்பதை அறிந்து சொல்லும் பொறுப்பு யாருடையது என்ற மூன்றிலும் இப்போது எனக்குத் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: பழையகொல்லன்

முதலில் மரத்தை வெட்டிவிடுங்கள். அது ஏன் வந்தது, ஏன் போனது என்று தெரிந்தால் உங்களுக்கே தயக்கம் தீர்ந்துவிடும்.

ரெட் ஹேட்டில் பணியாற்றும் டேவிட் ஹோவெல்ஸ் எழுதிய எஃப்எஸ்-கேஷும், அதன் பின்தளமான கேஷ்ஃபைல்ஸும் 2009இல் 2.6.30 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தன. பிளாக் சாதனத்தில் நேரடியாகச் சேமிக்கும் கேஷ்எஃப்எஸ் என்ற இன்னொரு பின்தளமும் அதே காலத்தில் எழுதப்பட்டது. அது முதன்மைக் கெர்னலில் சேரவே இல்லை. அன்றைய வடிவத்தில் குக்கி என்பது கேஷில் உள்ள ஒரு பொருளுக்கான கைப்பிடி. அவற்றில் அட்டவணைக் குக்கிகள், தரவுக் குக்கிகள் என இரு வகை இருந்தன. அட்டவணைக்குள் அட்டவணை வைக்கலாம். இதனால் ஒரு தரவுக் கோப்பைத் தேடுவதற்கு முன் அதன் தாய் அட்டவணை கிடைத்திருக்க வேண்டும். கேஷைக் கழற்றும்போதோ பிள்ளைகள் எல்லாம் விலகிய பிறகே தாய் விலக முடியும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலை இயந்திரம், அதன்மேல் காத்திருக்கும் செயல்களின் வரிசை, அந்த வரிசைக்கு ஒரு பூட்டு என்று வளர்ந்துகொண்டே போனது. அந்த நிரலைப் படித்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். நான் இன்னும் மறக்கவில்லை.

2022 மார்ச்சில் வெளியான 5.17இல் இரண்டு மட்டங்களே மிஞ்சின: தொகுதி, அதற்குள் தரவுக் குக்கிகள். இது போதும் என்பதற்கான காரணம் பிணையக் கோப்பு முறைமைகளின் இயல்பிலேயே இருக்கிறது. ஏஎஃப்எஸ் என்ற பிணையக் கோப்பு முறைமை ஒரு கோப்பை அதன் பாதையால் அடையாளம் காண்பதில்லை. செல் (சர்வர்களின் ஒரு குழுமம்) பெயர், தொகுதி எண், அத்தொகுதிக்குள் கோப்பைக் குறிக்கும் விநோட் எண், அந்த எண் மறுபடி பயன்படுத்தப்பட்டால் வேறுபடுத்திக் காட்டும் தனித்துவ எண் ஆகியவற்றால் அடையாளம் காண்கிறது. என்எஃப்எஸ் என்ற இன்னொரு பிணையக் கோப்பு முறைமை, சர்வர் தரும் கோப்புக் கைப்பிடியால் அடையாளம் காண்கிறது. நீங்கள் அடைவு மரத்தைக் கேஷில் பிரதியெடுத்தால், சர்வரில் யாரோ ஓர் அடைவின் பெயரை மாற்றிய அந்தக் கணமே உங்கள் கேஷ் பொய்யாகிவிடும். தரவு ஒரு பைட்கூட மாறியிருக்காது, ஆனாலும் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு மறுபடி இறக்க வேண்டிவரும்.

ஆகவே பின்தளத்துக்குக் கொடுக்க வேண்டியவை மூன்றே: தொகுதிக்கான சாவி, கோப்புக்கான சாவி, ஒத்திசைவுச் சான்று (கேஷில் உள்ளது சர்வரில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று காட்டும் சிறு தரவு). சாவிக்குள் என்ன இருக்கிறது என்று பின்தளம் பார்க்கவே கூடாது. அதற்கு அது வெறும் பைட் வரிசை. சான்றும் அப்படித்தான். ஏஎஃப்எஸ் அதில் தரவுப் பதிப்பு எண்ணை வைக்கிறது. என்எஃப்எஸ் மாற்ற நேரங்களையும், நான்காம் பதிப்பென்றால் மாற்ற எண்ணையும் வைக்கிறது. பின்தளம் சேமித்த சான்றையும் புதிதாக வந்த சான்றையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டு, வேறுபட்டால் பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும், அவ்வளவே. எது புதியது, எது பழையது என்று தீர்ப்பளிக்கும் வேலையைப் பின்தளத்திடம் கொடுத்தீர்களானால் ஒவ்வொரு கோப்பு முறைமையின் நேரக் குழப்பமும் அதற்குள் வந்து குடியேறிவிடும்.

மறுமொழி: துளைநோக்கி

மரத்தைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மூன்றாவது ஐயம்தான் உண்மையில் ஆளை விழுங்கக்கூடியது. நான் அதில் விழுந்து எழுந்தவன்.

பழைய கேஷ்ஃபைல்ஸில் ஒரு பக்கத்தைப் படிப்பது எப்படி நடந்தது என்று பாருங்கள். சேமிப்புக் கோப்பில் அந்த இடத்துக்கு பிளாக் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பிமேப் என்ற அழைப்பு வழியாகக் கீழ்க் கோப்பு முறைமையை (சேமிப்புக் கோப்பு இருக்கும் உள்ளூர்க் கோப்பு முறைமையை) கேட்பார்கள். இருந்தால், நினைவகத்தில் உள்ள, கீழ்க் கோப்பு முறைமையின் பக்கக் கேஷுக்குள் அதைப் படிக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தின் பூட்டு திறக்கும் தருணத்தை அதன் காத்திருப்பு வரிசையில் ஒளிந்திருந்து கவனித்து, திறந்ததும் மேலே உள்ள பக்கத்துக்கு நகலெடுப்பார்கள். ஒரே தரவு நினைவகத்தில் இருமுறை இருக்கும். இப்போது அந்த வழி முழுவதும் போய், ஒத்திசைவற்ற (முடியும்வரை காத்திராத) டைரக்ட் ஐஓ (பக்கக் கேஷைத் தொடாத படிப்பு, எழுத்து) மூலம் தரவு நேராக மேல் பக்கங்களுக்கே வந்துவிடுகிறது. பக்கத்துக்குப் பதிலாக ‘இந்த இடத்திலிருந்து இத்தனை பைட்’ என்ற வீச்சையும், நிரப்ப வேண்டிய நினைவக இடங்களைச் சுட்டும் இட்டரேட்டரையும் இடைமுகம் ஏற்றுக்கொண்டால்தான் இது இயலும். ஆகவே உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடை: வீச்சு.

இனி இருப்பைப் பற்றி. பிமேப்பைக் கேட்டாலும் சரி, தரவு எங்கே, துளை (பிளாக் ஒதுக்கப்படாத இடம்) எங்கே என்று லசீக் அழைப்பு மூலம் கேட்டாலும் சரி, கீழ்க் கோப்பு முறைமை சொல்வது அதன் சொந்தக் கணக்கு. உங்கள் கணக்கு அல்ல. எக்ஸ்டென்ட் (தொடர்ச்சியான பிளாக்குகளின் தொகுப்பு) முறையில் இயங்கும் கோப்பு முறைமைகளுக்கு, இரண்டு எக்ஸ்டென்ட்களை இணைப்பதற்காக நடுவில் பூஜ்ய பிளாக்குகளை இட்டு நிரப்பவும், பூஜ்யங்கள் மட்டுமே உள்ள பிளாக்கைத் துளையாக்கவும் உரிமை உண்டு, ஏனென்றால் சாதாரணப் பயனருக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் இதை நேரடியாகப் பார்க்கலாம்: முன்கூட்டியே ஒதுக்கி இன்னும் எழுதப்படாத எக்ஸ்டென்ட்டின் ஒரு பகுதியில் எழுதும்போது, அதைப் பிளந்து புதிய எக்ஸ்டென்ட் உருவாக்குவதைவிட மீதியைப் பூஜ்யத்தால் நிரப்புவது மலிவு என்று அது முடிவு செய்யலாம். இயல்புநிலையில் அதன் உச்சவரம்பு 32 கேபி.

கேஷுக்கு இதன் பொருள் என்ன? நீங்கள் சர்வரிடமிருந்து வாங்கவே வாங்காத ஓர் இடம், ‘தரவு உண்டு’ என்று பெயர் பெற்றுவிடுகிறது. நான் கெர்னலுக்கு வெளியே எழுதிய ஒரு பின்தளத்தில், இடம் தீர்ந்துவிடக் கூடாதே என்று கோப்பு முழுமைக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கினேன். சில நாள் கழித்து லிங்கர் ஓர் ஆப்ஜெக்ட் கோப்பைப் படிக்க மறுத்தது. ஹெக்ஸ்டம்பில் பார்த்தால் முன்னும் பின்னும் சரியான தரவு, நடுவில் சரியாக 4096 பைட் பூஜ்யம். சர்வரில் இருந்த கோப்பில் ஒரு குறையும் இல்லை. பிழைச் செய்தி எதுவுமில்லாமல் தவறான தரவைக் கொடுக்கும் கேஷைவிடக் கேஷ் இல்லாமலிருப்பது மேல்.

ஆகவே இருப்பு வரைபடத்தைப் பின்தளமே தன் கையில் வைத்திருக்கட்டும். 256 கேபி அளவுள்ள துண்டுக்கு ஒரு பிட் என்று கொண்டால், 1 ஜிபி கோப்புக்கு 4096 பிட்டுகள், அதாவது 512 பைட். அதை, கோப்போடு ஒட்டிய சிறு தகவலான நீட்டிப்புப் பண்பிலேயே வைத்துவிடலாம். 4 கேபிக்கு ஒரு பிட் என்று கொண்டாலோ அது 32 கேபி ஆகி வேறு இடம் தேட வைக்கும். துண்டு பெரிதாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு: பயனர் 10 கேபி கேட்டாலும் சர்வரிடம் 256 கேபி வாங்கினால்தான் பிட்டை ஏற்ற முடியும். எனவே, படிப்புக் கோரிக்கை பிணையத்துக்குப் போகும் முன் அதன் வீச்சை விரித்துக்கொள்ளும் வாய்ப்பைப் பின்தளத்துக்கு இடைமுகம் தர வேண்டும். பிணையக் கோப்பு முறைமைகளுக்குப் பொதுவான, கெர்னலின் நெட்எஃப்எஸ் நூலகத்திலும் இதற்கென்று ஒரு செயற்கூறு இருக்கிறது. தரவு வட்டில் இறங்கிய பிறகே பிட் ஏற வேண்டும் என்ற வரிசையை மட்டும் ஒருபோதும் தலைகீழாக்காதீர்கள்.

மறுமொழி: சர்வரறை

நான் கெர்னல் எழுதுபவன் அல்லன், கேஷைப் பராமரிப்பவன். இடம் தீரும்போது என்ன நடக்க வேண்டும் என்பதையும் இடைமுகத்தில் யோசியுங்கள். கேஷ்ஃபைல்ஸில் காலியிடம் 5 சதவீதத்துக்குக் கீழ் போனால் பழையன கழிக்கப்படும். 7 சதவீதத்துக்கு மேல் ஏறினால் கழித்தல் நிற்கும். 1 சதவீதத்துக்குக் கீழ் போனால் புதிதாக எதுவும் சேமிக்கப்படாது. இவை இயல்பு மதிப்புகள். எதைக் கழிப்பது என்று தேடும் வேலையைக் கெர்னல் செய்வதில்லை. பயனர் வெளியில், அதாவது கெர்னலுக்கு வெளியே, பின்னணியில் ஓடும் டீமன், கடைசியாகத் தொட்ட நேரத்தைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்து, பெயரைச் சொல்லிக் கழிக்கச் சொல்கிறது, அந்தக் கோப்பு பயன்பாட்டில் இருந்தால் கெர்னல் மறுத்துவிடுகிறது. இது நல்ல பிரிவினை என்பது என் கருத்து.

ஒரு குறை மட்டும். ஓரிடத்தில் கேஷும் லாக் கோப்புகளும் ஒரே பார்டிஷனில் இருந்தன. லாக் வளர்ந்து அந்த 1 சதவீதத்தைத் தொட்டதும் கேஷ் சத்தமில்லாமல் சேமிப்பை நிறுத்திவிட்டது. பயனர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, என்எஃப்எஸ் சர்வர்தான் திணறியது. இடமின்மையால் கைவிட்ட எழுத்துகளுக்கு ஒரு தனி எண்ணியை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

பின்தொடர்ச்சி: வடிநிலம்

மூவருக்கும் நன்றி. மரத்தை நீக்கியதும் செயற்கூறுகள் பதினான்கிலிருந்து ஒன்பதாகிவிட்டன. இன்னும் ஒன்று இடறுகிறது. சர்வரில் கோப்பு மாறிவிட்டது என்று தெரியவரும் நேரத்தில், பழைய தரவைக் கேஷில் எழுதும் டைரக்ட் ஐஓ பாதி வழியில் இருக்கலாம். அது முடியும்வரை காத்திருந்து பிறகு அழித்தால், கோப்பைத் திறக்கும் பயனர் வட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திராமல் கோப்பைச் சுருக்கினால், பழைய எழுத்து பிறகு வந்து புதிய கோப்புக்குள் விழும் அல்லவா?

மறுமொழி: பழையகொல்லன்

விழும். எனவே சுருக்காதீர்கள், கோப்பையே மாற்றுங்கள். கேஷ்ஃபைல்ஸ் செல்லாததாக்கும்போது, பெயரில்லாத தற்காலிகக் கோப்பு ஒன்றைப் புதிதாக உருவாக்கிக் குக்கியை அதன்பக்கம் திருப்பிவிட்டு, பழைய பெயரின்கீழ் அதைப் பிறகு இணைக்கிறது. வழியில் இருந்த எழுத்து பழைய கோப்பிலேயே விழுந்து அதோடு மறைந்துபோகும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இதோடு குக்கியில் ஒரு செல்லாமை எண்ணியும் இருக்கிறது. ஒவ்வொரு செயலும் தொடங்கும்போது அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறது. நடுவில் எண் மாறியிருந்தால், சர்வரிடமிருந்து இப்போதுதான் வந்து சேரும் பழைய பதிலை வைத்திருக்கும் செயல் அதைக் கேஷில் எழுதாமல் விட்டுவிடும். உங்கள் பிளாக் சாதனப் பின்தளத்தில் பெயர், இணைப்பு என்பன இருக்காது. அங்கே புதிய எக்ஸ்டென்ட் அட்டவணை ஒன்றைத் தொடங்கி, பழையதை அதன் கடைசிச் செயல் முடிந்ததும் விடுவித்தால் அதே பயன் கிட்டும். இடைமுகத்தில் ‘செல்லாததாக்கு’ என்று மட்டும் இருக்கட்டும். எப்படி என்பதைப் பின்தளம் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு பின்தளங்களுக்கும் முன்பாக மூன்றாவதாக ஒன்றை எழுதுங்கள்: எதைக் கேட்டாலும் ‘இடமில்லை’ என்ற பிழைக்குறியைத் திருப்பித் தருவதைத் தவிர வேறொன்றும் செய்யாத பின்தளம். அதை மாட்டிக்கொண்டு எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற கோப்பு முறைமைச் சோதனைத் தொகுப்பை ஓட்டுங்கள். கேஷ் இல்லாதபோது தேறும் சோதனைகள் எல்லாம் அப்போதும் தேறவில்லை என்றால், பிழை பின்தளத்தில் இருக்க வழியில்லை; உங்கள் கோப்பு முறைமை எங்கோ கேஷை நம்பி நிற்கிறது. எனக்கு அப்படி இரண்டு இடங்கள் அகப்பட்டன, இரண்டும் படிப்பு முடிந்த பின் பக்கத்தின் பூட்டைத் திறக்கும் வரிகளில்.