இந்திய விமானப்படையின் சாகசக் குழு சூர்ய கிரணை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

2024 அக்டோபர் 6, மெரினா. விமானப்படையின் சாகச நிகழ்ச்சி 11 மணிக்கு. ரயிலில் நசுங்கிப் போய் எட்டரைக்கே மணலில் இடம் பிடித்துவிட்டேன். குடையை விரித்தால் பின்னாலிருந்து "அண்ணே, மறைக்குது, மடக்குங்க" என்று குரல். மடக்கினால் மண்டையைப் பிளக்கும் வெயில். ரஃபேல் போர் விமானம் போனபோது சத்தம் நெஞ்சுக்கூட்டில் அடித்தது, உண்மைதான். ஆனால் நான் காத்திருந்தது சூர்ய கிரணுக்கு. சிவப்பு வெள்ளை ஹாக் விமானங்கள் ஒன்பதும் ஒரே விமானம் போலச் சாய்ந்து கடல் பக்கம் திரும்பின. பக்கத்தில் நின்ற பையன் கையிலிருந்த போனையே மறந்துவிட்டான்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்ததை வீடு சேர்ந்த பிறகுதான் செய்தியில் பார்த்தேன். எடுத்த வீடியோவைத் திறக்க இரண்டு நாள் மனம் வரவில்லை.

~

நான் முதலில் பார்த்தது ஹாக் அல்ல, குழு முன்பு ஓட்டிய கிரண் பயிற்சி விமானம். 1996-ல் கர்நாடகாவின் பீதரில் குழு தொடங்கி, அதே செப்டம்பரில் கோவை விமானப்படை நிர்வாகக் கல்லூரியின் பொன்விழாவில்தான் முதல் பொது நிகழ்ச்சி. மாடியில் நின்று பார்த்தோம். "புகை எப்படிப்பா வருது?" என்று கேட்டேன். "புகை இல்லடா, டீசல். சூடான எக்ஸாஸ்ட்ல பீய்ச்சுவாங்க, ஆவியாகி வெள்ளையாத் தெரியும்" என்றார் அப்பா. ஆனால் கிரணை அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. 1982-ல் ஹன்டர் போர் விமானங்களோடு உருவான தண்டர்போல்ட்ஸ் குழுதான் அவருக்கு விமானசாகசம். "ஹன்டர் சத்தம் இதுல எங்க?" என்பார்.

2011-ல் பயிற்சிக்கு விமானம் போதாமல் கிரண்களை அதற்கே அனுப்பிவிட்டார்கள்; குழுவும் நின்றுபோனது. 2015-ல் ஹாக் வந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. முதலில் நாலே விமானம். அதைப் பார்த்திருந்தால் அப்பா இன்னும் பேசியிருப்பார்.

~

பெங்களூரு எலகங்கா, 2019 பிப்ரவரி 19. மறுநாள் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி. ஒத்திகை பார்க்கலாம் என்று சாலையோரம் வண்டியை நிறுத்தினேன். இரண்டு ஹாக் மோதிக்கொண்டன. வெள்ளைப் புகையை எதிர்பார்த்து நின்றவனுக்கு, தரையிலிருந்து எழுந்த கரும்புகை என்னவென்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டு விமானிகள் பிழைத்தார்கள். விங் கமாண்டர் சாஹில் காந்தி பிழைக்கவில்லை.

2023-ல் மறுபடி ஏரோ இந்தியாவுக்குப் போனேன். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்பதும் கீழே இறங்கும் வரை.