அப்பாவின் ஸ்குவையர் ஸ்ட்ராட்: அசலைக் கெடுக்காமல் மறுபடி வாசிக்க வைப்பது எப்படி?

பெரம்பூர்_ஸ்ட்ராட் கேட்டது:

வணக்கம். மெல்லிசைக் குழுவில் அப்பா வாசித்த ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) எலக்ட்ரிக் கித்தார் இது. ஜப்பானில் செய்தது, வரிசை எண் எஸ்க்யூ என்று தொடங்குகிறது. பன்னிரண்டு வருடமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

இப்போதைய நிலை: கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று பிக்கப்பில், பிரிட்ஜ் பிக்கப்பில் ஒலி மிக மெலிதாக, கீச்சென்று வருகிறது. மல்டிமீட்டரில் நெக் பிக்கப் 5.8 கிலோ ஓம், நடுப் பிக்கப் 6 கிலோ ஓம். பிரிட்ஜ் பிக்கப் எதுவும் காட்டவில்லை, ஓப்பன். ஒலியளவையும் டோனையும் மாற்றும் மூன்று திருகிகளும் (பாட்) கரகர. விரல் பலகையின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளில் (ஃப்ரெட்) முதல் மூன்றில் கம்பி பட்ட இடமெல்லாம் குழி. தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டில் விரிசல். பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில் திருகுகளில் துரு. நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது. வளைவைத் திருத்த நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டின் (ட்ரஸ் ராட்) திருகு நெக்கின் அடிப்பக்கம் இருக்கிறது, இறுக்கமாக நிற்கிறது.

எனக்கு பிரிட்ஜில் ஹம்பக்கர் (இரைச்சல் குறைந்த இரட்டைக் காயில் பிக்கப்) வேண்டும். பாடியைக் குடைந்து ஹம்பக்கர் போட்டு, புதிதாகப் பெயின்ட்டும் அடித்துத் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். அப்பாவின் முழங்கை பட்டுத் தேய்ந்த இடத்தின் மேல் பெயின்ட் அடிக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

சாலிடர்_மணம்:

குடைய விடாதீர்கள், பெயின்ட்டும் வேண்டாம். எஸ்க்யூ வரிசை 1983, 84-இல் வந்தது. ஸ்குவையரின் தாய் நிறுவனமான ஃபெண்டர் 1982-இல் ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. மட்சுமோட்டோவில் உள்ள ஃபுஜிஜென் ஆலையில்தான் இவற்றைச் செய்தார்கள். தேடி வாங்குபவர்கள் உள்ள கித்தார் இது. ஆனால் உங்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் அந்த முழங்கைத் தேய்மானம். ஒரு முறை மணல்தாள் பட்டால் அது திரும்ப வராது.

ஸ்ட்ராட்டில் ஒரு வசதி உண்டு. பிக்கப், பாட், ஸ்விட்ச் எல்லாமே பிக்கார்டு என்ற ஒரே பிளாஸ்டிக் தட்டில் தொங்குகின்றன. அந்தத் தட்டுக்கும் பாடிக்கும் உள்ள உறவு மூன்றே ஒயர்தான்: ஜாக்குக்குப் போகும் சிக்னல், ஜாக்கின் கிரவுண்ட், பின்புற ஸ்பிரிங் குழியில் உள்ள கொக்கித் தகட்டுக்குப் போகும் கிரவுண்ட். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் அசல் எலக்ட்ரானிக்ஸ் முழுவதும் ஒரே துண்டாகக் கையில் வந்துவிடும். அப்படியே துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். நீங்கள் ஆசைப்படும் மாற்றங்களை எல்லாம் இரண்டாவது பிக்கார்டு ஒன்றில் செய்யுங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் பழையதை மாட்டிவிடலாம்.

ஒயரை வெட்டாதீர்கள், சாலிடரை உருக்கி எடுங்கள். அதற்கு முன் நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கப் ஒயருக்கு 25 முதல் 30 வாட் அயர்ன் போதும். பாட்டின் முதுகுக்கு 40 முதல் 60 வாட் வேண்டும். கொக்கித் தகடு கனமான இரும்பு, சூட்டை உறிஞ்சிவிடும். அதற்கு 60 வாட்டுக்குக் குறைந்தால் சாலிடர் ஒட்டியது போல் நடித்து, ஒரு வாரத்தில் விட்டுவிடும். ரோசின் உள்ள 63/37 சாலிடர் வாங்குங்கள். தகர வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ஆசிட் ஃபிளக்ஸ் ஒயரை உள்ளேயே அரித்துவிடும், அதைத் தொடவே வேண்டாம்.

கடையில் கிடைக்கும் பிக்கார்டு உங்கள் பாடியின் திருகுத் துளைகளோடு பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள். 11 துளை என்று எழுதியிருந்தாலும் ஜப்பானியத் துளைகள் 2, 3 மி.மீ. தள்ளி இருக்கலாம். அசலைக் காகிதத்தில் வைத்து வரைந்து எடுத்துப்போய் வெட்டக் கொடுங்கள். தடிமன் 2.3 முதல் 2.5 மி.மீ. லேசரில் வெட்டுபவரிடம் பி.வி.சி. தாளைக் கொடுக்கக் கூடாது, குளோரின் கலந்த புகை வரும். அக்ரிலிக் லேசரில் அழகாக வெட்டுப்படும், ஆனால் திருகுத் துளையில் விரியும். அதனால் துளையை 3.5 மி.மீ. தளர்வாகப் போட்டு, திருகைப் பாதி இறுக்கத்தில் விடுங்கள்.

பாட் வாங்கும்போது 250 கிலோ ஓம், லாக் (லாகரிதம்) வகை. இங்கேதான் பலர் சிக்குகிறார்கள்: அமெரிக்க அளவு பாட்டின் கழுத்துக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும், ஜப்பானியச் சின்ன பாட்டுக்கு அதைவிடச் சிறிய துளை போதும். பழைய நாபைப் புதிய பாட்டில் மாட்ட நினைத்தால் தண்டின் பல் எண்ணிக்கையும் பாருங்கள். ஜப்பானியத் தண்டில் 18 பல், அமெரிக்கத் தண்டில் 24. பலம் போட்டு அழுத்தினால் நாபு பிளக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 250 கிடைக்காமல் 220 கிலோ ஓம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், காதுக்கு வித்தியாசம் மிகச் சிறியது.

ஹம்பக்கருக்கு: சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ரெயில் வகை ஹம்பக்கர் அதே பள்ளத்தில் உட்காரும், குடைய வேண்டியதில்லை. நாலு ஒயர் இருக்கும். வண்ணக் குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் அதனுடன் வந்த தாளைப் பார்த்தே இணையுங்கள். இணைத்த பிறகு ஸ்விட்சை பிரிட்ஜும் நடுவும் சேரும் இடத்தில் வைத்து வாசியுங்கள். ஒலி வற்றிப்போய் மூக்கால் பாடுவது போல் இருந்தால் இரண்டு பிக்கப்பின் ஃபேஸ் (அலையின் திசை) எதிராக இருக்கிறது. ரெயில் பிக்கப்பின் சிக்னலையும் கிரவுண்டையும் இடம் மாற்றினால் சரியாகும். ஆனால் ஷீல்டின் வெற்று ஒயரை மட்டும் கிரவுண்டிலேயே விடுங்கள்.

அதற்கு முன் ஒரு யோசனை. பழைய ஸ்ட்ராட் ஒயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கன்ட்ரோலே கிடையாது. கீச்சென்று கேட்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். கீழே உள்ள டோன் பாட்டின் ஒயரை ஸ்விட்சில் பிரிட்ஜ் முனைக்கு மாற்றி, 0.022 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டு ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். ஹம்பக்கர் ஆசையே போய்விடலாம்.

காயில்_சுத்துறவன்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா அந்தச் செத்த பிக்கப்பை அப்படியே பெட்டியில் வெச்சுடாதீங்க சார். அது சாகலை. மீட்டர் ஓப்பன் காட்டினாலும் மெலிதா ஒலி வருதுன்னா, காயில் எங்கேயோ ஓர் இடத்தில் அறுந்து, அறுந்த முனை வழியா கெபாசிட்டர் மாதிரி ஹை மட்டும் தாண்டி வருதுன்னு அர்த்தம்.

முதல்ல கவரைக் கழட்டி அடியில் பாருங்க. ஆறு கம்பமும் நேரா அடிவரைக்கும் வந்து நின்னா அதுவே காந்தம், ஆல்நிகோ. அடியில் ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தா செராமிக், மேலே தெரியறது வெறும் இரும்பு. வேலை தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு திசைகாட்டியை மேலே வெச்சு எந்த முனை மேல்நோக்கி இருக்குன்னு எழுதிக்குங்க, கம்பி எந்தப் பக்கமா சுத்தியிருக்குன்னும் எழுதிக்குங்க.

அப்புறம் 10 மடங்கு பூதக்கண்ணாடியில் ஒயர் இணையற ரெண்டு கண்ணியையும் பாருங்க. வெளிமுனை அங்கே அறுந்திருந்தா அதிர்ஷ்டம். ஒரு சுத்து பிரிச்சு, எனாமலைச் சுரண்டி, ஒரு நொடி சாலிடர் வெச்சா முடிஞ்சுது. உள்முனை அறுந்திருந்தாதான் திரும்பச் சுத்தணும். வியர்வை உப்பு இறங்கி ஆல்நிகோ கம்பம் துரு பிடிச்சு வீங்கி, ஒட்டிக்கிட்டிருக்கிற முதல் சுத்தை அறுத்துடும். மேடையில் வாசிச்ச கித்தாருக்கு இது வழக்கமான வியாதி. துருவைத் துடைச்சு, கம்பங்களுக்கு மெல்லிய வார்னிஷ் பூசி, காய்ஞ்ச பிறகு சுத்துங்க.

கம்பி விஷயத்தில் ரொம்ப கவனம். பிக்கப் பத்தி எழுதறவங்க "42 கேஜ்"னு சொல்றது அமெரிக்க கேஜ், தடிமன் 0.063 மி.மீ. நம்ம ஊர் மோட்டார் வைண்டிங் கடையில் 42 கேஜ்னு கேட்டா பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 0.1 மி.மீ. கம்பி குடுப்பாங்க. அதை வெச்சுச் சுத்தினா பாபினே (கம்பி சுத்தற சட்டம்) கொள்ளாது. எஸ்.டபிள்யூ.ஜி. 46 கேளுங்க, 0.061 மி.மீ., கிட்டத்தட்ட சரியா வரும். 7,600 முதல் 7,800 சுத்து, ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர் கம்பி. அமெரிக்க 42-ல இது 6 கிலோ ஓம் பக்கம் வரும், 46-ல 6.5 பக்கம். மீட்டரில் கொஞ்சம் கூடக் காட்டுதேன்னு சுத்தைக் குறைக்காதீங்க, ஒலியில் சுத்தோட எண்ணிக்கைதான் பேசும்.

சுத்தின பிறகு மெழுகு: பாரஃபின் 4 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு 65 டிகிரி. குமிழி வர்றது நிக்கிற வரைக்கும், சுமார் 20 நிமிஷம். நேரடித் தீயில் வைக்கவே கூடாது. 70 தாண்டினா பிளாஸ்டிக் பாபின் வளையும்.

பழைய காந்தம், பழைய பாபின், பழைய கவர் எல்லாம் அப்படியே இருக்கும், கம்பி மட்டும்தான் புதுசு. வீணைக்குப் புதுத் தந்தி போடற மாதிரிதான். அதுக்கப்புறம் அசல் பிக்கார்டும் உயிரோட பெட்டியில் இருக்கும்.

பெரம்பூர்_ஸ்ட்ராட்:

மிக்க நன்றி இருவருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், உள்முனைதான் அறுந்திருக்கிறது. கம்பங்கள் ஆல்நிகோ. நெக் விவரம்: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டில் இடைவெளி அளந்தால் 0.5 மி.மீ. ரோஸ்வுட் பலகை, அதன் மேற்பரப்பு வளைவின் ரேடியஸ் 7.25 அங்குலம். ஃப்ரெட் உயரம் மற்ற இடங்களில் 0.9, குழிகளில் 0.6 மி.மீ.

ரோஸ்வுட்_தூசி:

0.5 அதிகம். இந்த ரேடியஸுக்கு 0.3 இருந்தால் போதும். ட்ரஸ் ராட் இறுக்கமாக நிற்பதால் அதை முறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ராட் உள்ளே முறிந்தால் பலகையையே பெயர்க்க வேண்டி வரும். கம்பிகளைத் தளர்த்தி நெக்கைக் கழற்றுங்கள். திருகின் மரையில் துரு தளர்த்தும் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஊசி முனையால். மரத்தில் ஊறினால் கறை நிற்கும். ஓர் இரவு விட்டு, ட்ரஸ் ராட் திருகை முழுக்கக் கழற்றி, மரையைத் துடைத்து, துளி கிரீஸ் வைத்துப் போடுங்கள். பிறகு நெக்கைக் கிளாம்பில் வைத்து மெதுவாக நேராக்கிய நிலையில் அந்தத் திருகைக் கால் திருப்பு இறுக்குங்கள். வளைவை நேராக்கும் வேலை கிளாம்புடையது, பிடித்து நிறுத்துவது மட்டும்தான் ராடுடையது. கம்பி ஏற்றி ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். கடலோர ஈரப்பதத்தில் மரம் உடனே பதில் சொல்லாது.

நெக்கை மாட்டும்போது திருகு பிடிக்காமல் சுற்றினால் தீக்குச்சி திணிக்க வேண்டாம், அது மென்மையான மரம். 6 மி.மீ. துளை போட்டு, கடின மர ஆணியை மரப்பசையுடன் இறக்கி, காய்ந்த பிறகு 3.2 மி.மீ. துளை போடுங்கள்.

ஃப்ரெட்: எல்லாவற்றையும் 0.6-க்கு இழைத்துச் சமன் செய்தால் விரல் பலகையில் உரசும், கம்பியை இழுத்து வாசிக்க முடியாது. 0.7-க்குக் கீழே போகக் கூடாது. அதனால் முதல் ஐந்து ஃப்ரெட்டை மட்டும் மாற்றுங்கள். அதே மெல்லிய வகை, அகலம் 2 மி.மீ., உயரம் 1.1 மி.மீ. பழையதைப் பிடுங்கும்முன் சாலிடர் அயர்னை ஃப்ரெட் மேல் வைத்துச் சூடாக்குங்கள், பசை இளகும். முனை தட்டையாகத் தேய்த்த கட்டிங் பிளையரால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக நகர்ந்து தூக்குங்கள். காய்ந்த ரோஸ்வுட் சில்லாகப் பெயரும். பெயர்ந்த சில்லைத் தூக்கி எறியாமல் அதே இடத்தில் சூப்பர் குளூ தொட்டு ஒட்டிவிடுங்கள். புதியவற்றை இறக்கிய பிறகு, அவற்றைப் பழைய 0.9-க்கு இழைத்துச் சேருங்கள். அசல் ஃப்ரெட்டில் முக்கால்வாசி அப்படியே தங்கும்.

கம்பி தங்கும் நட்டைக் கடைசியில் செய்யுங்கள். ஃப்ரெட் உயரம் முடிவாகாமல் பள்ளம் வெட்டினால் இரண்டாவது நட்டுக்குச் செலவு வரும். எலும்பு நட், அகலத்தை அசலைப் பார்த்து எடுங்கள். கழற்றும்முன் சுற்றிலும் கூர்கத்தியால் வார்னிஷைக் கீறிவிடுங்கள், இல்லையென்றால் தலைப்பக்க வார்னிஷும் சேர்ந்து உரியும்.

சேடில் திருகுகள் ஜப்பானிய மெட்ரிக், 1.5 மி.மீ. சாவி. அமெரிக்க 0.05 அங்குலச் சாவி உள்ளே நுழையும், ஆனால் மூலையைத் தின்றுவிடும். துருத் திருகை எண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துப் பிறகு தொடுங்கள். பிரிட்ஜையே மாற்ற நேர்ந்தால் ஓரத் திருகு இரண்டின் நடு இடைவெளியை அளக்காமல் வாங்காதீர்கள். 52.5, 54, 56 என்று மூன்று அளவு சந்தையில் ஓடுகிறது.

எல்லாம் சேர்ந்த பிறகு: 009-042 கம்பி (0.009 முதல் 0.042 அங்குலத் தடிமன்), 17-ஆம் ஃப்ரெட்டில் உயரம் 2 மி.மீ., அசையும் பிரிட்ஜின் (ட்ரெமலோ) தட்டின் பின்பக்கம் பாடியிலிருந்து 3.2 மி.மீ. தூக்கி நிற்கட்டும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி பிக்கப் இடைவெளி தடித்த கம்பியில் 2, மெல்லிய கம்பியில் 1.6 மி.மீ. இதைவிட நெருக்கினால் ஆல்நிகோவின் இழுப்பில் தடித்த கம்பி சுருதி தடுமாறும்.

சாலிடர்_மணம்:

சுத்தம் செய்வது பற்றி யாரும் சொல்லவில்லை. பாடிக்கு லைட்டர் ஃப்ளூயிட் நனைத்த பருத்தித் துணி போதும், தின்னர் கூடாது. சிலிகான் கலந்த கார் பாலிஷும் வேண்டாம், பின்னால் ஒரு விரிசலை ஒட்ட நினைத்தால் எதுவும் பிடிக்காது. ரோஸ்வுட் பலகைக்கு வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயைத் தடவிவிடாதீர்கள், சிக்கு வாடை அடித்துப் பிசுக்காகும். மினரல் ஆயில் நாலு சொட்டு தடவி, பத்து நிமிடத்தில் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, வாசிக்கத் தொடங்கும்முன் கட்டாயம் பாருங்கள். ஸ்ட்ராட்டில் கம்பிகள் கிரவுண்டோடு இணைந்தவை. ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதியுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து, கம்பிக்கும் மைக்கின் இரும்பு வலைக்கும் இடையே அளந்து பாருங்கள். பத்து இருபது வோல்ட் காட்டினாலே எர்த்தைச் சரிசெய்யும்வரை வாசிக்க வேண்டாம். கரகரப்பு தீரவில்லை என்று கம்பியின் கிரவுண்டை அறுத்துவிடச் சொல்லும் ஆட்கள் உண்டு. அறுத்தால் இரைச்சல்தான் கூடும், ஆம்பின் கோளாறு அப்படியே இருக்கும்.