நேட்டால் போன முனுசாமி: இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டார்கள், பிரிப்பது எப்படி?

போளூரான்:
அவசரம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர். எல்லோரும் சேர்ந்து ஒரே வம்ச மரத்தைத் திருத்துகிற தளம் ஒன்றில் அவரைச் சேர்த்து வைத்திருந்தேன். நேற்றுப் பார்த்தால் டர்பனில் யாரோ அவரை வேறொரு முனுசாமியோடு இணைத்துவிட்டார்கள். இப்போது அவருக்கு இரண்டு மனைவி, பதினோரு பிள்ளைகள்! நான் பிரித்தேன், திரும்ப இணைத்தார்கள். மறுபடி பிரித்தேன், மறுபடி இணைப்பு. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடுகிறார்கள், அச்சடித்துக் கொண்டுபோக வேண்டும். என்ன செய்யலாம்?

ஏட்டுப்பூச்சி:
எந்த ஆண்டு போனார்? கப்பல்? கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் போட்ட காலனி எண்? அப்பா பெயர்? முனுசாமி என்று மட்டும் சொன்னால் வட ஆற்காட்டில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்களே.

செம்மண்:
தளம் எது என்றும் சொல்லவில்லை. விக்கிட்ரீ என்றால் பெற்றோர் உறவை 'உறுதியில்லை' என்று குறிக்கலாம், இவரும் அவரும் வேறு என்று பதிந்தும் வைக்கலாம். ஜெனியில் மரத்தைக் கவனித்துக்கொள்ளும் கியூரேட்டர்களிடம் முறையிடலாம். ஃபேமிலிசர்ச்சில் இணைத்ததை மாற்றப் பட்டியலிலிருந்து திரும்பப் பெறலாம், ஆனால் அதற்குப் பிறகு யாராவது அந்தப் பக்கத்தில் கைவைத்திருந்தால் சிக்கல். எதுவானாலும் பிரித்துப் பிரித்துச் சண்டை போடாதீர்கள். அந்த ஆளுக்கு ஒரு செய்தியாவது அனுப்பினீர்களா?

போளூரான்:
செய்தி அனுப்பவில்லை. தளத்தின் பெயர் வேண்டாம், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அப்பா பெயர் சின்னசாமி. தாது வருஷப் பஞ்சத்தில் போனார் என்று ஆயா சொல்வார். போனபின் கடிதம் எதுவும் இல்லை. டர்பன்காரர்களின் முனுசாமி 1890-இல் 22 வயதில் வந்தவர். அவருடைய அப்பாவும் சின்னசாமிதான்.

மரபணு_மணி:
இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு? நீங்கள் ஒரு மரபணு டெஸ்ட், அவர்கள் ஒரு டெஸ்ட். மூன்றாம் தலைமுறைப் பங்காளி என்றால் 70 சென்டிமார்கன் (மரபணு ஒற்றுமையை அளக்கும் அலகு) அளவுக்கு ஒத்துப்போகும். முடிந்தது விஷயம்.

ஏட்டுப்பூச்சி:
முடியாது மணி. அந்தத் தூரத்தில் பத்தில் ஒருவருக்கு ஒரு துளிகூட ஒத்துப்போகாது. அப்புறம் நம் ஊரில் அத்தை மகள், அக்காள் மகள் என்று கட்டிக் கட்டி எல்லோருக்கும் கணக்கு ஏறித்தான் கிடக்கும். பக்கத்து ஊர்க்காரர்கூட பங்காளி போலக் காட்டும்.

ஆவணத்தார்:
மாதம் நாலு முறை வரும் கேள்வி. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? சரி, இன்னொரு முறை சொல்கிறேன். சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். நடுவில் 1866-இல் நின்று 1874-இல் மறுபடி தொடங்கியது. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. பெயரை வைத்து இணைப்பவர்களுக்கு ஆராய்ச்சி செய்யத் தகுதியே இல்லை. தாது வருஷம் 1876-77. 1890-இல் 22 என்றால் அப்போது அவருக்கு எட்டு வயது. எட்டு வயதுப் பையனா கரும்பு வெட்டப் போனான்?

செம்மண்:
கணக்கு சரி ஐயா. ஆனால் நம் பாட்டிமார்களுக்கு எந்தப் பஞ்சமும் தாது வருஷம்தான். அதை மட்டும் நம்பிப் பிரிக்க முடியாது. போளூரான், அந்த 1890 ஆளின் தாலுகா என்ன?

போளூரான்:
வட ஆற்காடு ஜில்லா, பலமனேர். சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று இருக்கிறது. நாங்கள் போளூர்ப் பக்கம்.

கடலோடி:
மலபார் என்றால் கேரளா. வேறு ஆள்தான், பூட்டு போடுங்கள்.

ஆவணத்தார்:
அரைகுறை அறிவு ஆபத்து. வெள்ளைக்காரர்கள் தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜெண்டூ என்றும் எழுதுவது வழக்கம். 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூல் தம்பிரான் வணக்கத்தின் போர்த்துகீசியத் தலைப்பிலேயே 'மலவார் தமுல்' என்றுதான் இருக்கிறது.

கடலோடி:
1578-க்கும் கரும்புக்காட்டுக்கும் என்ன சம்பந்தம் சார்? பலமனேர் ஆந்திராவில் அல்லவா இருக்கிறது?

ஆவணத்தார்:
1911-இல் சித்தூர் ஜில்லா பிரியும்வரை அது வட ஆற்காடுதான். எதையும் படிக்காமல் எழுத வருகிறீர்கள்.

கடலோடி:
நீங்கள் படித்ததெல்லாம் அடுத்தவரை மட்டம் தட்டத்தானா?

ஏட்டுப்பூச்சி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். போளூரான் தம்பி, அந்தப் பதினோரு பிள்ளைகளில் மூத்தது எப்போது, எங்கே பிறந்தது?

போளூரான்:
1884, டர்பன் பக்கத்தில் ஒரு தோட்டம். கடைசி 1907.

ஏட்டுப்பூச்சி:
1890-இல் கப்பலேறியவருக்கு 1884-இல் அங்கே எப்படிப் பிள்ளை? நீங்கள் கவனிக்கவில்லை, அவர்களும் கவனிக்கவில்லை. உங்களவரைச் சேர்ப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் இரண்டு குடும்பம் கலந்து கிடந்திருக்கிறது. உங்களவரோடு மூன்று முனுசாமி. அங்கே அப்பா பெயரோ சொந்தப் பெயரோ ஒட்டி நின்று பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிடும். 'முன்சாமி' என்று முடிகிற எல்லா வீடும் ஒரே தாத்தாவைத் தேடி வருவது அதனால்தான். முதல் மனைவியின் கல்யாணப் பதிவில் கணவரின் காலனி எண் இருக்கிறதா என்று கேளுங்கள். சண்டைக்குப் போகாமல் கேள்வியாகவே கேளுங்கள்.

மரபணு_மணி:
மூன்று என்றால் டெஸ்ட் இன்னும் அவசியம்.

செம்மண்:
மணி, போதும்.
போளூரான், உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனுக்குக் காயம், தழும்பு, பச்சை குத்தியது ஏதாவது உண்டா? அடையாளக் கட்டம் சும்மா இல்லை.

போளூரான்:
செக்கில் மாட்டி இடக்கைச் சுண்டுவிரல் பாதி போனவர். ஊரில் 'மொட்டைவிரல் முனுசாமி' என்றே பெயர். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதனால்தான் எழுதவில்லை.

ஆவணத்தார்:
எல்லோருக்கும் தெரிந்ததாம். தலையில் அடித்துக்கொள்கிறேன்.

போளூரான்:
ஆறு நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும். டர்பனில் இருப்பவர் வயதான அக்கா ஒருவர். தளம் காட்டிய பரிந்துரையை அழுத்தியதோடு சரி, வேறு எதுவும் தெரியாது என்றார். அந்த 1884 விஷயத்தைச் சொன்னதும் அரை நாள் பதில் இல்லை. அப்புறம் அவராகவே மூன்றாகப் பிரித்தார். 1890 ஆளின் அடையாளம் வலது முழங்காலில் தழும்பு, விரலைப் பற்றி எதுவும் இல்லை. முதல் மனைவியின் கல்யாணப் பதிவை அவர் தேடிக்கொண்டிருக்கிறார். எங்களவர் மறுபடி தனியாக நிற்கிறார். கோயிலுக்குக் கொண்டுபோன தாளில் அவர் பெயருக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டேன். சித்தப்பா, "இதற்கா இத்தனை நாள்?" என்றார். எல்லோருக்கும் நன்றி.

ஏட்டுப்பூச்சி:
1884-க்கு முன்னால் வந்தவரின் பக்கத்தைப் பார்க்கச் சொன்னீர்களா? இடக்கை விரல்?

ஏட்டுப்பூச்சி:
தம்பி?