குறட்டை நின்று மூச்சும் நின்ற அந்த நேரம்: உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்

டிக்கோயா மகன்

அப்பா போய் மூன்று வருசம். ஒரு இரவு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டத்து லயத்துக் காம்பரா, சுவரோடு சுவர் ஒட்டின வரிசை வீடு, எப்படியென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் குறட்டை மூன்று வீடு தள்ளிக் கேட்கும். “நேத்து லொறி மேடேறிச்சா?” என்று பக்கத்து வீட்டு மாமா கேட்பார், நாங்களும் சிரிப்போம். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்தவன் அவர் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். குறட்டை ஏறி ஏறிப் போய் டக்கென்று நின்றது. நெஞ்சு எழும்புகிறது, வயிறு உள்ளே இழுக்கிறது, மூக்கில் கை வைத்தால் காற்றே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 41 செக்கன். அப்புறம் ஆற்றில் மூழ்கியவர் தலையைத் தூக்கின மாதிரி ஒரு இழுப்பு. புரண்டு படுத்தார், திரும்பவும் குறட்டை.

காலையில் கேட்டேன். “நல்லாத்தானே தூங்கினேன்” என்றார். பிரஷருக்கு மூன்று வகைக் குளிசை போட்டும் இறங்காத ஆள். மாதாமாதம் கிளினிக் போனோம். தூக்கத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு விடியற்காலை, பாயிலேயே போய்விட்டார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த 41 செக்கனை நான் ஒருத்தரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மரக்கறி லொறி, கந்தப்பளை

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது எனக்கும் நடந்துகொண்டிருந்தது, வித்தியாசம் என்னவென்றால் நான் ஸ்டியரிங் பிடித்திருந்தேன்.

லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்குகிறேன். அன்றைக்குப் பகலில் 7 மணித்தியாலம் தூங்கியிருக்கிறேன், அது நிச்சயம். கினிகத்தேனை தாண்டி மூன்று வளைவு எப்படிப் போனதென்று இன்றுவரை ஞாபகமில்லை. “அண்ணே!” என்று கூட வந்த பொடியன் கத்தினபோது முன்சில்லு ரோட்டோரக் கானுக்குள், அந்த வடிகாலுக்குள், பாதி இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் பள்ளம்.

வீட்டுக்காரி விடவில்லை, கண்டிக்குக் கூட்டிப் போனாள். விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் வயர் மாட்டி ஒரு இரவு தூங்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 52 தடவை மூச்சுத் தடைப்படுகிறதாம். ஸ்லீப் அப்னியா என்றார்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வருத்தம். 7 மணித்தியாலம் படுத்திருந்தேனே தவிர, தூங்கவே இல்லை.

பண்டாரவளை பேரன்

எல்லாரையும் பயமுறுத்தாதீர்கள். எங்கள் தாத்தா 86 வயது வரைக்கும் குறட்டை விட்டார், தேயிலைக் கவ்வாத்து வெட்டின உடம்பு, ஒரு குளிசை போட்டதில்லை. இது உடம்பு வைத்தவர்களுக்கும் இரவில் சாராயம் போடுகிறவர்களுக்கும் வருகிற வருத்தம். அதை இரண்டையும் குறைத்தால் சரியாகும்.

தலவாக்கலை மகள்

பேரன் அண்ணா, எங்கள் அம்மா 45 கிலோ. கொழுந்து எடுத்தே தேய்ந்த உடம்பு. சாராய வாடையே ஆகாது. அவருக்கும் இதே வருத்தம்தான்.

தாடை சிறியதாக, பின்னுக்குத் தள்ளி இருந்தால் மெலிந்தவர்களுக்கும் வருமாம், மாதவிடாய் நின்றபிறகு பெண்களுக்குக் கூடுமாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அதற்கு முன் என்ன செய்தோம்? இரவில் நாலைந்து தடவை எழும்பிக் குளிரில் வெளியே போவார், சீனி வருத்தம் என்று நினைத்துப் பார்த்தோம், இல்லை. விடிந்தால் தலையிடி, பனி என்று தைலம் தேய்த்தோம். ஒருநாள் அடுப்படியில் ரொட்டி மா பிசைந்துகொண்டிருந்தவர் கை மாவுக்குள் இருக்க அப்படியே தூங்கிவிட்டார். விறகு புகைந்துகொண்டிருக்கிறது, அம்மாவின் தலை மெல்லச் சரிகிறது. அந்தக் கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரட்டுக்கு, காலையில் பேர் கொடுக்கிற இடத்துக்கு, ஓடி ஓடி வந்த களைப்பு என்றுதான் நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஈசிஜி எடுத்தபோதுதான் துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிக்கிறது என்றார்கள். அங்கிருந்து பிடித்துத்தான் தூக்கத்துக்கு வந்தார்கள்.

மஸ்கெலியா, ஓய்வுபெற்ற தாதி

வார்டில் இரவு வேலை செய்த காலத்தில் ஒரு ஐயா. குறட்டை நிற்கும்போதெல்லாம் விரலில் மாட்டிய கருவியில் ஒக்சிஜன் 96-லிருந்து 78-க்கு இறங்கும், நான் கட்டிலைத் தட்டுவேன், ஏறும். விடியும்வரை தட்டினேன். என் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குறட்டை விடுகிற எல்லாருக்கும் இந்த வருத்தம் இல்லை, பேரன் சொன்ன தாத்தாவைப் போல இருப்பவர்கள் உண்டு. குறட்டை நடுவில் நின்று, திணறி, திரும்பத் தொடங்குகிறதா என்று பாருங்கள். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடுகிறது. 10 செக்கனுக்கு மேல் நின்றால் அது ஒரு தடை. மணிக்கு 5 வரை பரவாயில்லை, 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை.

ஒவ்வொரு தடையிலும் ஒக்சிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பும், அந்தப் பதற்றத்தில் இரத்தக்குழாய் இறுகிப் பிரஷர் ஏறும். அடைத்த தொண்டையோடு நெஞ்சு இழுக்கிற இழுப்பு இதயச் சுவரையும் இழுக்கும். இரவு முழுக்க நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடந்தால் பகலிலும் பிரஷர் இறங்காது. குளிசைக்கு மசியாத பிரஷர் என்றால் தூக்கத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். துடிப்பு ஒழுங்கு தவறுவதும், பக்கவாதமும் இவர்களிடம் அதிகம்.

மல்லாக்கப் படுக்காமல் ஒருச்சரித்துப் படுக்கவையுங்கள். இரவில் சாராயமும், கடையில் கேட்டு வாங்கும் தூக்கக் குளிசையும் வேண்டாம், இரண்டுமே தசையை இன்னும் தளர்த்தும். போனில் வீடியோ எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள். வாயால் சொன்னால் “குறட்டைதானே” என்று போய்விடும், வீடியோ போகாது.

பண்டாரவளை பேரன்

அக்கா, அம்மா விசயத்தில் மன்னிக்கவும். ஆனால் இதற்கு ஒரு மெஷின் கொடுப்பார்கள், சீபாப் என்று, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும். அதைப் போட்டால் இதயம் காப்பாற்றப்படும் என்று சொல்ல முடியாது. 2016-ல் வந்த பெரிய ஆய்வில் 2,700 பேருக்கு மேல் பார்த்தார்கள், ஏற்கெனவே இதய வருத்தமோ பக்கவாதமோ வந்தவர்கள். மாரடைப்பும் பக்கவாதமும் மெஷின் போட்டும் குறையவில்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கப்போகிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

மரக்கறி லொறி, கந்தப்பளை

அதே ஆய்வில் அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலம்தான் மாட்டினார்கள், எங்கள் டொக்டர் காட்டினார். என்னைப் போல் பகலில் விழுந்து விழுந்து தூங்குகிறவர்களை அதில் சேர்க்கவும் இல்லை. இதயத்துக்கு என்ன ஆகும் என்று நான் வாதாட வரவில்லை. எனக்கு இப்போது கினிகத்தேனை வளைவு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. நான் போட்ட பிரஷர் குளிசை மூன்றில் ஒன்றை நிறுத்தினார்கள். அது போதும்.

மெஷின் போடுகிறவர்களுக்கு ஒன்று. நம்ம பக்கத்துக் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து முகத்தில் கொட்டும். முதல் வாரமே வெறுத்துக் கழற்றி வைத்துவிட்டேன். குழாய்க்குப் பழைய கம்பளித் துணியில் உறை தைத்து, போர்வைக்கு உள்ளால் எடுத்தாள் வீட்டுக்காரி. மெஷினைத் தலை மட்டத்துக்குக் கீழே, தாழ வையுங்கள். கரண்ட் போனால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருச்சரித்துப் படுத்துக்கொள்வேன்.

டிக்கோயா மகன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஊருக்கு வந்தேன். தம்பிக்கு 34 வயது, அப்பாவின் அதே கழுத்து. இரவு அவன் பக்கத்தில் படுத்து வீடியோ எடுத்தேன். 26 செக்கன் வந்தது, 33 வந்தது.

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். முடியும்வரை பார்த்துவிட்டு, “அப்பா மாதிரியே இருக்கு அண்ணே, இன்னொரு தடவை போடு” என்றான்.