ஃபார்மலின் நெடி: எலிக்குப் புற்று வந்தது, சுண்டெலிக்கு ஏன் அவ்வளவாக வரவில்லை?

முதலாண்டு மாணவி:
உடற்கூறியல் கூடத்தில் உடல் மேல் குனிந்தாலே கண்ணும் மூக்கும் எரிகின்றன. ஃபார்மலினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவைச் சுவாசித்த எலிகளுக்கு மூக்கில் புற்றுநோய் வந்தது என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். அதே ஆய்வில் சுண்டெலிகளுக்கு ஏறக்குறைய வரவே இல்லையாம். ஏன் இந்த வித்தியாசம்? எங்களுக்கு என்ன ஆகும்?

மைக்ரோடோம்:
அக்கா சொன்னது உண்மைதான், தங்கச்சி. எலி மூக்கை வெட்டி ஸ்லைடு போடுவதே என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த ஆய்வு அமெரிக்காவில் நடந்தது; முழு முடிவு 1983இல் வெளிவந்தது. நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 24 மாதம் வரை வாயு கொடுத்தார்கள். 14.3 பிபிஎம்மில் (பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு என்ற கணக்கு) 103 எலிகளுக்கு மூக்கில் புற்று. 5.6இல் இரண்டே எலிகள். 2 பிபிஎம்மில் ஒன்றுகூட இல்லை. சுண்டெலிகளிலோ 14.3இல்கூட இரண்டுதான்.

எரிச்சல் பட்டதும் சுண்டெலி மூச்சை நன்றாகக் குறைத்துக்கொள்ளும். எலி அவ்வளவு குறைக்காது. 15 பிபிஎம்மில் சுண்டெலி மூக்கில் படிவதும் 6 பிபிஎம்மில் எலி மூக்கில் படிவதும் கிட்டத்தட்ட ஒன்று. மேலே உள்ள எண்களோடு வைத்துப் பாருங்கள், பொருந்தும். அதனால் எந்த ஆய்வைப் படித்தாலும் திசுவில் எவ்வளவு இறங்கியது என்றுதான் முதலில் தேடுவேன்.

எலித் தலையில் கால்சியத்தை நீக்கிவிட்டுக் குறுக்கே நான்கு இடங்களில் வெட்டுவோம். ஃபார்மால்டிஹைடு ஈரத்தில் சட்டென்று கரைந்துவிடுவதால் முன்பக்க வெட்டுகளில்தான் சேதம் அதிகம். சிலியா என்ற நுண்மயிர்கள் அசைவது நிற்கும், செல்கள் சாகும், பக்கத்துச் செல்கள் அவசரமாகப் பெருகும். கடைசியில் சுவாசப் படலம் இருந்த இடத்தில் தோல் மாதிரி தட்டைச் செல்கள் வந்து உட்காரும். 2 பிபிஎம்மிலேயே இந்த மாற்றம் தெரிந்தது. 'புற்று இல்லை' என்பதை 'தீங்கே இல்லை' என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

நீங்கள் அறுக்கும் உடல் கெடாமல் இருப்பதும் இதே வேதியியலால்தான். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. உயிருள்ள மூக்கில் டிஎன்ஏவையும் புரதத்தோடு பிணைக்கிறது.

வேதியியல் வாத்தியார்:
எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும். நாம் வாயாலும் விடுகிறோம். அப்படியானால் எலி முடிவை நமக்குப் பொருத்தலாமா?

மைக்ரோடோம்:
அப்படியே பொருத்த முடியாது சார், ஒதுக்கவும் முடியாது. வாயால் இழுத்தால் மூக்கைத் தாண்டி இன்னும் உள்ளே போகும். 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று முதல் தொகுதியில் சேர்த்தது. தொழிலாளர்களிடம் கண்ட மூக்குத்தொண்டைப் புற்றுதான் அதற்கு முக்கிய ஆதாரம். எலி ஆய்வு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தங்கச்சி, அமெரிக்கப் பணியிட வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 0.75 பிபிஎம், 15 நிமிடத்துக்கு 2. சர்ஜிகல் மாஸ்க் வாயுவைத் தடுக்காது, அதை நம்ப வேண்டாம். கூடத்துக் காற்றை அளக்கச் சொல்லி எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள்.

முதலாண்டு மாணவி:
நன்றி அண்ணா. எங்கள் பக்கத்து எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுவதே இல்லை. நாளைக்கு அதையும் சேர்த்து எழுதுகிறோம்.